ஆண்டுவிழாவும் மாறாத இறந்தகாலமும்: ‘டாக்டர் ஹூ’ சிறப்புப் படைப்புகளில் நினைவுகூரலின் அறம்

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் (பி.பி.சி.) ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் 1963இல் தொடங்கியது. பத்து, இருபது, ஐம்பது, அறுபது ஆண்டு நிறைவுகளை ஒட்டி அத்தொடர் சிறப்புப் படைப்புகளை வெளியிட்டுள்ளது. இவை தம் கடந்தகாலத்தை நான்கு வகையில் கையாள்கின்றன என்றும், அவ்வகைகளைக் கூட்டுதல், திருத்துதல், ஆற்றுதல், சாட்சியாதல் எனப் பகுக்கலாம் என்றும் இக்கட்டுரை முன்வைக்கிறது. நான்காவது வகை தொடரின் பிறந்தநாள் படைப்பு எதிலும் அமையவில்லை. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையைப் பொருளாகக் கொண்ட 2018ஆம் ஆண்டுப் பகுதியொன்றிலேயே அமைந்துள்ளது. தருமபுரி வட்டாரப் பாரதக் கூத்தின் படுகள நிகழ்வும், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியின் நினைவும் இம்மதிப்பீட்டுக்கு ஒப்புநோக்குக் களங்களாகின்றன.

திறவுச்சொற்கள்: டாக்டர் ஹூ, ஆண்டுவிழாச் சிறப்புப் படைப்பு, நினைவுகூரல், படுகளம், சாட்சி, சித்தேரி.

முன்னுரை

நெடுங்காலம் ஓடும் தொலைக்காட்சித் தொடர் தன் ஆண்டு நிறைவைக் கொண்டாடும்போது இரு கடமைகளை ஒருசேர ஏற்கிறது. ஒன்று, பழைய பார்வையாளருக்கு அவர்தம் நினைவை மீட்டுக் கொடுத்தல். மற்றொன்று, அந்நாளில் முதன்முறையாகப் பார்க்க வருபவருக்கும் பொருள்படும் கதையொன்றைச் சொல்லுதல். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று தடுப்பவை. நினைவு மிகுந்தால் கதை தேய்கிறது; கதை மிகுந்தால் விழா குறைகிறது. இச்சிக்கலைச் சிறப்புப் படைப்புகள் எவ்வாறு தீர்த்தன என்பது வடிவம் பற்றிய வினா. கடந்தகாலத்தை அவை என்ன செய்தன என்பது அறம் பற்றிய வினா. இக்கட்டுரையின் கவனம் பின்னதில் நிலைகொள்கிறது.

இத்தொடருக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு அதன் முதல் நாளிலேயே தொடங்குகிறது. 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பான முதற்கதையை இயக்கியவர் இலக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன். சிட்னி நியூமன் கருத்துருவாக்கத்தில் முன்னின்றார். வெரிட்டி லாம்பர்ட் தயாரித்தார். உசேன் பெரும்பகுதியை இயக்கிய ‘மார்கோ போலோ’ (1964) ஏழு பகுதிகளைக் கொண்ட கதை. பழைய ஒளிப்பதிவு நாடாக்களை அழித்துவிடும் அக்கால நடைமுறையால் அது காணாமற்போனது. 1960களைச் சேர்ந்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இவ்வாறு இழக்கப்பட்டுள்ளன. தன் இறந்தகாலத்தின் ஒரு பகுதியைத் தானே அழித்துவிட்ட நிறுவனம்தான் அந்த இறந்தகாலத்துக்கு விழா எடுக்கிறது என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

ஆள்மாற்றமும் பாத்திரத் தொடர்ச்சியும்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் நடிகர் ஒருவர் விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்னும் அறிவிப்பு திரையில் தோன்றும். கதை அதைக் கண்டுகொள்ளாது மேலே நகரும். ‘டாக்டர் ஹூ’ இதே நடைமுறைத் தேவையைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தது. முதல் நாயகரான வில்லியம் ஆர்ட்னெலின் உடல்நலம் குன்றியபோது, 1966 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பான பகுதியின் இறுதியில் டாக்டரின் உடல் புதுப்பிக்கப்பட்டு, பேட்ரிக் டிரௌட்டன் அவ்விடத்தில் எழுந்தார். அப்பகுதி முழுமையாக இன்று இல்லை. உருமாற்றக் காட்சியின் துணுக்கு எஞ்சியுள்ளது. அன்றுமுதல் டாக்டர் என்பவர் பல உடல்களில் வாழும் ஒரே ஆள் ஆனார்.

பாரதக் கூத்தைக் கண்டு பழகியவர்க்கு இது புதிதன்று. அங்கே வேடம் ஆளைவிடப் பெரிது. கிரீடமும் புயக்கட்டையும் முகவெழுத்துமே அருச்சுனனை அருச்சுனனாக்குகின்றன. இவ்வாண்டு ஆடியவர் அடுத்த ஆண்டு இல்லாமற்போனாலும் வேடம் நிற்கும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கூத்தில் புதிய ஆள் பழைய வேடத்துக்குள் தன்னை மறைத்துக்கொள்கிறார். ‘டாக்டர் ஹூ’வில் புதிய ஆளோடு உடையும் பேச்சும் இயல்பும் மாறுகின்றன, பெயரும் நீலநிறக் காவல் பெட்டி வடிவிலான காலக்கலமுமே மாறாதவை. ஆகவே கூத்தில் ஒருபோதும் எழாத கேள்வியொன்று இத்தொடரில் எழுகிறது: பழைய டாக்டரும் புதிய டாக்டரும் எதிரெதிரே நின்றால் என்னாகும்? ஆண்டுவிழாப் படைப்பு என்னும் வகைமை இக்கேள்வியிலிருந்தே பிறந்தது.

கூட்டுதல்: 1973, 1983

பத்தாம் ஆண்டை ஒட்டிய ‘த த்ரீ டாக்டர்ஸ்’ 1972 டிசம்பர் 30 முதல் 1973 ஜனவரி 20 வரை நான்கு பகுதிகளாக வந்தது. பாப் பேக்கரும் டேவ் மார்ட்டினும் எழுதினர். அப்போதைய டாக்டரான ஜான் பெர்ட்வீயுடன் டிரௌட்டன் நேரடியாக இணைந்தார். ஆர்ட்னெல் நோயுற்றிருந்தமையால் அவர் பங்கு தனியே படமாக்கப்பட்டு, கதைக்குள் ஒரு திரையில் தோன்றி அறிவுரை கூறுபவராக அமைக்கப்பட்டது. அதுவே அவரது இறுதி நடிப்பு. 1975இல் அவர் மறைந்தார். உடன் நிற்க இயலாத முதல்வரைக் கதை மறைக்கவில்லை. அவர் வர இயலாமைக்குக் கதைக்குள்ளேயே காரணம் கற்பித்து, மற்ற இருவரின் பூசலைத் தீர்க்கும் மூத்தவராக அவரை நிறுத்தியது. எதிராளியான ஒமேகாவோ தன் இனத்துக்குக் காலப்பயண ஆற்றலைப் பெற்றுத் தந்தும் கைவிடப்பட்ட முன்னோடி. முன்னோடிகளைப் போற்றும் விழாவில், மறக்கப்பட்ட முன்னோடி ஒருவனைப் பகைவனாக வைத்த இத்தெரிவு இப்படைப்பின் வலிமை.

இருபதாம் ஆண்டின் ‘த ஃபைவ் டாக்டர்ஸ்’ (1983) டெரன்ஸ் டிக்ஸ் எழுதி, பீட்டர் மோஃபட் இயக்கிய தொண்ணூறு நிமிடப் படைப்பு. அமெரிக்காவில் நவம்பர் 23 அன்றும், பிரித்தானியாவில் இரு நாள் கழித்தும் ஒளிபரப்பாயிற்று. இல்லாதவர்களைக் கையாள்வதே இதன் முதற்பெரும் சிக்கல். ஆர்ட்னெலின் பாத்திரத்தை ரிச்சர்ட் ஹர்ன்டல் ஏற்றார். எனினும் படைப்பு தொடங்குவது 1964ஆம் ஆண்டுப் பகுதியொன்றிலிருந்து எடுத்த ஆர்ட்னெலின் உண்மையான காட்சித் துணுக்குடன். டாம் பேக்கர் பங்கேற்க மறுத்தமையால், 1979இல் வேலைநிறுத்தத்தால் நின்றுபோன ‘ஷாடா’ என்னும் கதையின் காட்சிகள் பயன்படுத்தப்பட்டன.

கதையில் போருசா என்பவன் சாவாமையை நாடி முன்னோன் ஒருவனின் கல்லறைக்கு வழிதேடுகிறான். சாவாமையைப் பெறுகிறான், ஆனால் கல்லறையின் முகப்பில் உயிருள்ள சிற்பமாக உறைந்துபோகிறான். தொடரின் நீடுவாழ்வைக் கொண்டாடும் நாளில் நீடுவாழ்வே தண்டனையாகக் காட்டப்படுவது கூர்மையான கருத்து. எனினும் வருகைப் பட்டியலின் நீளம் அக்கருத்தை விரிய விடவில்லை. பழைய நண்பரும் பழைய பகைவரும் அடுத்தடுத்துத் தோன்றி மறைகின்றனர்; ஒவ்வொரு தோற்றமும் அறிந்தவர்க்கு மகிழ்ச்சி, அறியாதவர்க்கு வெறுமை. 1993இல் அறக்கொடை நிகழ்ச்சிக்காக உருவான ‘டைமென்ஷன்ஸ் இன் டைம்’ என்னும் குறும்படைப்பு இப்போக்கின் எல்லை. அங்கே கதை முற்றிலும் கழன்று வருகைப் பட்டியல் மட்டுமே எஞ்சியது. கூட்டுதல் என்னும் வகை கடந்தகாலத்தைக் காட்சிப்பொருளாக்குகிறது. அதனிடம் எதையும் கேட்பதில்லை.

திருத்துதல்: 2013

1989இல் நின்ற தொடர், 1996ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் திரைப்படம் ஒன்றைத் தவிர இடைவெளியாகவே கழிந்து, 2005இல் மீண்டது. மீட்டெழுப்பிய ரசல் டி டேவிஸ் அதற்கு ஒரு துயரப் பின்னணியைத் தந்தார்: காலப்போர் ஒன்றை முடிக்க டாக்டர் தம் சொந்தக் கோளையே அழித்துவிட்டார். அடுத்த எட்டாண்டுக் கதைகளும் இக்குற்றவுணர்வின் மீது நின்றன.

ஸ்டீவன் மோஃபட் எழுதி நிக் ஹரன் இயக்கிய ‘த டே ஆஃப் த டாக்டர்’ 2013 நவம்பர் 23 அன்று 94 நாடுகளில் ஒரே வேளையில் ஒளிபரப்பானது. மாட் ஸ்மித், டேவிட் டெனன்ட் ஆகிய டாக்டர்களோடு, அதுவரை எண்ணிக்கையில் சேர்க்கப்படாத போர்க்கால டாக்டராக ஜான் ஹர்ட் தோன்றினார். கிறிஸ்டஃபர் எக்கிள்ஸ்டன் திரும்ப மறுத்ததே இப்புதிய பாத்திரத்துக்கு இடம் தந்தது. பங்கேற்காத ஒருவரின் வெற்றிடம் இங்கே தொடரின் மறைக்கப்பட்ட மனச்சான்றாக உருப்பெற்றது. முந்தைய சிறப்புப் படைப்புகள் எவையும் இல்லாமையை இவ்வளவு பயனுறக் கையாண்டதில்லை.

கோள் அழிந்த நாளில் அங்கிருந்த குழந்தைகளின் எண்ணிக்கை 247 கோடி என்கிறது கதை. அவ்வெண்ணை எண்ணிப் பார்த்தவர், மறக்க முயன்றவர், இனிமேல்தான் அச்செயலைச் செய்யப் போகிறவர் என மூன்று டாக்டர்களும் மூன்று மனநிலைகளாகின்றனர். நினைவு காலப்போக்கில் எவ்வாறு தேய்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த நாடக வடிவம் இத்தொடரில் இல்லை. மூவரும் ஒருசேர அழிவுக்கருவியின் மீது கைவைக்கும் காட்சியே படைப்பின் உச்சம். அவர்கள் கூட வந்தது கொண்டாட அன்று, பழியைப் பகிர்ந்துகொள்ள.

ஆனால் படைப்பு அங்கு நிற்கவில்லை. அவர்கள் மனம் மாற, எல்லா டாக்டர்களும் தம் கலங்களோடு வந்து சேர, கோள் அழிக்கப்படாமல் வேறோர் இடைவெளியில் உறைய வைத்துக் காக்கப்படுகிறது. பேரழிவு நிகழவே இல்லை என்றாகிறது. விழாவுக்குரிய மகிழ்ச்சி கிட்டுகிறது. எட்டாண்டுத் துயரத்தின் அடிப்படை நழுவுகிறது.

இத்திருத்தத்துக்கு மோஃபட் ஒரு கட்டுப்பாடு விதித்துள்ளார் என்பதையும் சொல்லவேண்டும். காப்பாற்றியதை முந்தைய டாக்டர்கள் மறந்துவிடுவர். தாம் அழித்ததாகவே நம்பி வாழ்வர். ஆகவே 2005 முதல் ஒளிபரப்பான பகுதிகளில் வெளிப்பட்ட துயரம் அப்பாத்திரத்தளவில் உண்மையாகவே நீடிக்கிறது. கதைநுட்பம் என்ற அளவில் இது நேர்மையான ஏற்பாடு. அறம் என்ற அளவில் ஐயம் எஞ்சுகிறது: செய்தவனின் துயரம் காக்கப்பட்டது, அவன் செயலின் விளைவோ துடைக்கப்பட்டது.

தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரங்களின் பாரத விழாவை இங்கு ஒப்பிடலாம். விழாவின் நிறைவில் ஊர்ப் பொதுவிடத்தில் துரியோதனனின் பேருருவம் மண்ணால் கிடத்தப்படுகிறது. வீமன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். ஆண்டுதோறும் அதே களம், அதே முடிவு. இம்முறையாவது சூது நிகழாதிருக்கட்டும் என எந்தக் கூத்தரும் கதையை மாற்றுவதில்லை. முடிவு மாறாது என்பது தெரிந்தே ஊர் கூடுகிறது. மாறாமையே அந்நிகழ்வின் கனம். களத்தில் வீழ்ந்தவனுக்காக ஒப்பாரியும் எழுகிறது. வென்றவள் பக்கமே நின்று விழா எடுக்கும் ஊர், தோற்றவனின் சாவையும் சாவாகவே ஏற்கிறது. 2013ஆம் ஆண்டுப் படைப்பு தவிர்த்தது இந்த ஏற்பைத்தான்.

ஆற்றுதல்: 2023

அறுபதாம் ஆண்டில் டேவிஸ் மீண்டும் பொறுப்பேற்று மூன்று படைப்புகளை எழுதினார். நவம்பர் 25 முதல் டிசம்பர் 9 வரை வாரம் ஒன்றாக ‘த ஸ்டார் பீஸ்ட்’, ‘வைல்ட் புளூ யோண்டர்’, ‘த கிகிள்’ ஆகியவை வெளிவந்தன. பல டாக்டர்களைக் கூட்டும் வழக்கத்தை இவை பெரிதும் கைவிட்டன. டெனன்ட் பழைய முகத்தோடு புதிய டாக்டராகத் திரும்பினார். கேதரின் டேட்டின் டோனா மட்டுமே உடன் வந்தார். நடுப்பகுதி ஏறக்குறைய இவ்விருவரை மட்டுமே கொண்ட தனிமைக் கதை.

மூன்றாம் பகுதி 1925ஆம் ஆண்டில், ஜான் லோகி பேர்டின் தொலைக்காட்சிச் சோதனையில் தொடங்குகிறது. முதற்படிமத்திலேயே ஒளிந்த சிரிப்பொலி ஒன்று, தான் சொல்வதே சரி என்னும் வெறியை உலக மக்களுக்கு ஊட்டுகிறது. விழா எடுக்கும் ஊடகத்தையே குற்றக்கூண்டில் ஏற்றும் துணிவு இது. எனினும் அவ்விசாரணை விரைவில் கைவிடப்பட்டு, கதை டாக்டரின் களைப்பை நோக்கித் திரும்புகிறது. டாக்டர் இருவராகப் பிரிகிறார்; ஷூட்டி கட்வாவின் டாக்டர் பயணம் தொடர, டெனன்டின் டாக்டர் டோனாவின் குடும்பத்தோடு ஓய்ந்து அமர்கிறார். 2013இல் நிகழ்ச்சி திருத்தப்பட்டது. 2023இல் நிகழ்ச்சிகள் அப்படியே நிற்க, அவற்றைச் சுமந்தவன் ஆற்றப்படுகிறான். இது முந்தையதைவிட முதிர்ந்த நிலை. ஆனால் நினைவின் மையத்தில் இன்னும் நாயகனே இருக்கிறான். அவன் காப்பாற்றத் தவறியவர்கள் பேச்சளவில் மட்டுமே வருகின்றனர்.

சாட்சியாதல்: 2018

வினய் படேல் எழுதிய ‘டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்’ ஆண்டுவிழாப் படைப்பன்று. ஆயினும் 2018 நவம்பர் 11 அன்று, முதல் உலகப்போர் நின்ற நூற்றாண்டு நிறைவு நாளில் ஒளிபரப்பானமையால், நினைவுநாள் படைப்பாகவே அதைக் கொள்ளலாம். ஜோடி விட்டேக்கரின் டாக்டர், தோழி யாஸின் பாட்டியுடைய இளமைக்காலத்தைக் காண 1947 ஆகஸ்டுக்குச் செல்கிறார். முசுலிம் பெண் உம்பிரீனுக்கும் இந்து இளைஞன் பிரேமுக்கும் எல்லைக்கோடு வரையப்படும் நாளில் திருமணம் நடக்கிறது. பிரேமின் தம்பியே வெறுப்பின் பக்கம் சாய்கிறான்.

கொலைகாரராகத் தோன்றும் வேற்றுக்கோள் உயிர்கள், உண்மையில் தம் கோளே அழிந்தபின் கொலைத்தொழிலைக் கைவிட்டவர்கள். ஆளின்றித் தனியே சாகிறவர்களின் இறுதிக் கணத்துக்குச் சாட்சியாக நிற்பதே அவர்கள் மேற்கொண்ட நோன்பு. அரக்கர் வெளியிலிருந்து வரவில்லை என்பதே தலைப்பின் பொருள். பிரேமின் சாவு யாஸின் பிறப்போடு பிணைந்துள்ளமையால் டாக்டர் அதைத் தடுக்க இயலாது. அவர் திரும்பி நடக்கிறார். துப்பாக்கி ஒலி பின்னால் கேட்கிறது. தனியே விழுந்தவனுக்கு அவ்வுயிர்கள் சாட்சியாகின்றன.

காலத்தில் பின்சென்று எதையும் மாற்றவல்ல நாயகர் மாற்றாமல் நிற்பது அறிவியல் புனைவில் புதிதன்று. இங்கே புதியது, மாற்ற இயலாதபோது செய்யத்தக்கது ஒன்று உண்டு என அப்படைப்பு காட்டுவது: பார்த்தல், பெயரை நினைவில் வைத்தல், நிகழ்ந்தது எனச் சொல்லுதல். பிரித்தானிய அரசு வரைந்த கோட்டால் நேர்ந்த சாவுகளை, பிரித்தானியப் பொது ஒலிபரப்பு தன் போர்வீரர்களை நினைவுகூரும் நாளிலேயே முன்வைத்தது என்பது இதன் அரசியற் கனத்தைக் கூட்டுகிறது.

சித்தேரி அடிவாரத்திலிருந்து ஒரு வாசிப்பு

மேற்கண்ட பகுப்பு வெறும் வகைப்பாடாக நின்றுவிடாமல், நினைவுகூரலை ஓர் உண்மை நிகழ்வோடு உரசிப் பார்ப்பது தேவை. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையின் அடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் நுழைந்து பழங்குடி மக்கள் மீது வன்கொடுமை புரிந்தனர்; 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாயினர். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்குக் காலத்திலேயே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. அவர்தம் மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று தள்ளுபடி செய்தது.

புனைவையும் இக்கொடுமையையும் ஒன்றாக்குவது இவ்வொப்பீட்டின் நோக்கமன்று. நினைவுகூரலின் நான்கு வகைகளும் பாதிக்கப்பட்டவர் பக்கமிருந்து என்ன பொருள் தருகின்றன என்பதே கேள்வி. அவர்களுக்கு 1992ஆம் ஆண்டைத் திருத்தித் தருபவர் எவருமில்லை. செய்தவரின் மனத்துயர் ஆறுவது அவர்கள் வேண்டியதன்று. கூடிக் கொண்டாடுதல் பொருந்தவே பொருந்தாது. முப்பதாண்டுகளுக்கு மேல் அவர்கள் செய்தது, நிகழ்ந்தது நிகழ்ந்தது என அடையாளம் காட்டிச் சாட்சி சொன்னது. ‘நிகழவே இல்லை’ என்னும் வாக்கியம் 2013ஆம் ஆண்டுப் படைப்பில் மீட்பின் குரலாக ஒலிக்கிறது. வன்கொடுமைக்கு உள்ளானவர் வாழும் ஊரில் அதே வாக்கியம் மறுப்பின் குரல், எதிர்த்தரப்பின் வாதம். திருத்துதல் என்னும் வகையின் எல்லை இங்கே புலனாகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ‘டாக்டர் ஹூ’ குடும்பத்தோடு பார்க்கும் தொடர். பெருந்துயரத்திலிருந்து மீட்சி உண்டு எனக் குழந்தைகளுக்குச் சொல்வது குற்றமாகாது. இம்மறுப்பில் நியாயம் உண்டு. கற்பனைக் கோளொன்றைக் கற்பனையில் காப்பதால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் 2018ஆம் ஆண்டுப் பகுதியும் அதே குழந்தைகளுக்காகவே எழுதப்பட்டது. பொய்யான மீட்சி இன்றியும் குழந்தைகளோடு சாவைப் பற்றிப் பேசமுடியும் என்பதற்கு அதுவே சான்று.

முடிவுரை

‘டாக்டர் ஹூ’ ஆண்டுவிழாப் படைப்புகளின் வரலாறு, கூட்டுதலிலிருந்து திருத்துதலுக்கும் அங்கிருந்து ஆற்றுதலுக்கும் நகர்ந்துள்ளது. 1973ஆம் ஆண்டுப் படைப்பு நோயுற்ற நடிகரைக் கண்ணியமாக நிறுத்திய முறையாலும், 2013ஆம் ஆண்டுப் படைப்பு மூவரின் மனநிலைகளைக் கட்டிய முறையாலும் நிலைக்கத்தக்கவை. எனினும் இத்தொடர் தன் பிறந்தநாளில் தன்னையே நினைக்கிறது. பிறரை நினைத்தபோதுதான் நினைவுகூரலின் முழுப்பொருளை எட்டியது. முதற்கதையை இலக்னோவில் பிறந்தவர் இயக்கிய தொடரில், அந்நினைவுகூரல் பிரிவினைக் கதையாக வந்தது பொருத்தமே.

விழாப் படைப்பை மதிப்பிட, எத்தனை பேர் திரும்பி வந்தனர் என எண்ணுவது போதாது. வரமுடியாதவர்களுக்கு அது எத்தகைய இடம் அளித்தது என்பதையும் கேட்கவேண்டும். தமிழில் நெடுந்தொடர்களின் ஆயிரமாவது பகுதி விழாக்களையும், பழைய திரைப்படங்களின் மறுவெளியீடுகளையும் ஆராய்வோர்க்கும் இவ்வளவுகோல் பயன்படும்.